ரயில் பலகையும் தங்கையும்

எங்கள் ஒழுங்கை தண்டவாளத்தைக் கடந்துதான் பெரிய வீதிக்குப் போகும். அங்கே கதவும் இல்லை, காவலாளியும் இல்லை. படம் போட்ட ஒரு எச்சரிக்கைப் பலகை மட்டும் நிற்கிறது.

திங்கட்கிழமை முதல் எனக்குக் காலை வகுப்பு. இதுவரை தங்கையை நான்தான் கூட்டிப் போனேன். என் நான்கு வயதுத் தங்கை இனிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடுதான் முன்பள்ளிக்கு நடந்து போவாள். இதை நினைத்தால் எந்தப் புத்தகத்திலும் மனம் நிற்பதில்லை.

இன்று அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, "இது என்ன படம்?" என்று கேட்டேன்.

"மில்லு. மேல புகை போகுது, பாருங்கோ."

"மில் இல்லையடி, ரெயின்."

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு ரயில் வந்து போனது. நீலப் பெட்டிகள், நீண்ட ஊதல். புகைபோக்கியைக் காணோம். தங்கை ரயிலைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"பொய்."

உண்மையில் அப்படி ஒரு கரி ரயிலை நானும் கண்டதில்லை. யாரோ சொல்லித் தந்ததை அப்படியே நம்பியிருக்கிறேன்.

"அப்ப இந்தப் பலகையில என்ன படம் இருக்கோணும் எண்டு நீ கீறிக் காட்டு."

அவள் குச்சியால் மண்ணில் பெரிய வளைவு ஒன்றும் அதற்குள் சின்ன வளைவு ஒன்றும் கீறினாள்.

"மரமுந்திரிக் கொட்டையோ?"

"இல்லை."

"சங்கோ?"

"ஐயோ, அக்காவுக்கு ஒண்டும் தெரியாது! காது. இதில நிண்டு கேக்கோணும், கூ எண்டு வருதோ எண்டு."

மழைக்கு முன் அதைப் படம் பிடித்துவிட்டேன். உங்கள் வீட்டுச் சின்னதுகளுக்கு இப்படியான ரயில் பலகை என்னவாகத் தெரிகிறது? கேட்டுச் சொல்லுங்கள். திங்கள் வரைக்கும் எனக்குப் படிப்பு ஓடப்போவதில்லை.