கட்டின் நடுவில் இருந்த கம்பி

என் மனைவியின் தங்கைக்கு நான் எண்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்போடு, பித்தளைக் கம்பி இழுக்கும் பட்டறையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவன் நான். இருந்தாலும் முதல் உலை அவள் பணத்தில்தான் வந்தது. அவள் வேலை பார்க்கும் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்-ரே இயந்திரம் அவள் பொறுப்பு. டீ டம்ளரோடு அதன் பக்கத்தில் போனவன் தொலைந்தான்.

புதிதாக வாங்கும் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று அவள் பணத்தைக் கேட்ட வாரம் பார்த்து, என் பெரிய வாடிக்கையாளர் ஒரு லோடு கம்பியைத் திருப்பி அனுப்பினார். வளைத்தால் சில கம்பிகள் விரிசல் விடுகின்றனவாம். சரியான சரக்கு வராமல் காசு கிடையாது என்றுவிட்டார்.

"பித்தளை குடுத்தவன் ஏமாத்திட்டான்" என்றேன் அவளிடம்.

"யாரைத் திட்டறதுன்னு அப்புறம் பாக்கலாம் மாமா. விரிஞ்சதுல ஒண்ணு, நல்லதுல ஒண்ணு கொண்டு வாங்க."

இரண்டையும் துண்டு போட்டு இயந்திரத்தில் வைத்தாள். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசைகட்டி நிற்குமாம். எக்ஸ்-ரே அதில் பட்டுத் தெறிப்பதைத் திரை கோடாக வரைந்து காட்டும். நல்ல கம்பிக்கு மெல்லிய கூர்முனைகள் எழும்பின. மற்றதில் அதே முனைகள் அகன்றுபோய் நின்றன.

"என்னம்மா, இதுக்கு மட்டும் வீங்கியிருக்கு?"

"சூடில்லாம இழுத்து இழுத்து உள்ள வரிசை கலைஞ்சு கெடக்கு மாமா. உலையில வச்சா சரியாகியிருக்கணும். இது சூட்டையே பாக்கல."

"ரெண்டும் ஒரே உலைதான்! என் கையால அடுக்கினேன்."

"எப்படி அடுக்குனீங்க?"

கட்டுக் கட்டாக, இறுக்கமாக. எரிவாயு மிச்சமாகுமே! வெளிக்கம்பி நிறம் மாறியதும் எடுத்துவிடுவேன்.

"அப்ப மேல வெந்துடுச்சு, நடுவுல பச்சையாவே இருக்கு. அக்காவைக் கேட்டிருந்தா அடுப்படியிலயே சொல்லியிருப்பா."

கண்டுபிடித்தது அவள்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் இரும்புச் சட்டம் அடித்து, கம்பிகளை விரல் இடைவெளி விட்டுப் படுக்கவைத்தவன் நான். வேறு எந்தப் பட்டறையில் அப்படியொரு சட்டம் இருந்தது, சொல்லுங்கள்! விரியாத கம்பிகளை அதில் மறுபடி சுட்டேன். நடுவிலிருந்து அவளே ஒன்றை உருவி இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள். முனைகள் மெலிந்திருந்தன.

வாடிக்கையாளர் என் எதிரிலேயே ஒரு பிடி கம்பியை வளைத்தார். ஒன்றுகூட விரியவில்லை. கையோடு காசு கொடுத்தார். நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன்.

"வீட்டுக்கு வந்து குடுத்தா ஆகாதா மாமா?"

"முன்பணம் கட்ட இன்னிக்குத்தான் கடைசி நாளுன்னு உங்கக்கா சொன்னா. கையை நீட்டு."

கையுறையைக் கழற்றிவிட்டு நீட்டினாள். ஒவ்வொரு நோட்டாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தேன்.