உள்பக்கத் தாழ்ப்பாள்

1. பழுதில்லாத சேர்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீடு வீடாகப் போய், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஏற்றபடி கதவு, கைப்பிடி, படிக்குப் பதிலாகச் சரிவான ரேம்ப் எல்லாம் செய்து கொடுக்கிறேன். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. ஒரு தப்பான கம்ப்ளெயின்ட்டால் வந்தேன்.

பழனிசாமி சொந்தமாகத் தையல் யூனிட் நடத்துகிறவர். ஒருநாள் காலையில் போன் செய்தார்.

"ஏனுங்க மெக்கானிக்கு, தங்கச்சியோட பேட்டரி சேர் ரிப்பேருங்க. வாசல்ல ஏற மாட்டேங்குது. அதுவும் மோட்டார்தானுங்களே, வந்து பாருங்க."

தங்கை கலாமணியை எனக்கு முன்பே தெரியும். எங்கள் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட் என்று சோதனைக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் தீயணைப்புக் கருவி, அவசர வழி, கழிவறை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஸ்கூட்டர் விபத்தில் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுவிட்டது. கால்கள் அசையாது. கைகளில் பலம் உண்டு. விரல்கள் மட்டும் எதையும் இறுக்கிப் பிடிக்காது. அதன் பிறகு அண்ணன் வீட்டில் இருந்தார்.

போய்ப் பார்த்தேன். சேரில் ஒரு குறையும் இல்லை. வாசற்படிகளை மூடிப் பளபளவென்று கிரானைட்டைச் சரித்துப் பதித்திருந்தார்கள். வீட்டுக்கு எடுப்பாக இருந்தது. குழந்தைகள் சறுக்கி விளையாடலாம்.

"சேர் நல்லாத்தானுங்க இருக்குது. ஓரடி ஒசரம் ஏறப் பன்னெண்டு அடி நீளம் வேணுமுங்க. நீங்க கட்டிருக்கறது செவுருங்க" என்றேன்.

"அத்தன நீளத்துக்கு எடம் ஏதுங்க?"

"காருக்கு இருக்குதுங்களே."

பழனிசாமி காரைப் பார்த்தார். அதற்குள் யூனிட்டிலிருந்து போன் வர, பேசிக்கொண்டே வெளியே போனார். அவர் கேட்டைத் தாண்டியதும் சேரில் இருந்த கலாமணி மெதுவாகச் சொன்னார்: "ரேம்ப் கெடக்கட்டும் மெக்கானிக்கண்ணா. மொதல்ல பாத்ரூம் கதவைப் பாருங்க."

2. ஆடிட்

பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். வேலை சுத்தம்.

"ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னைக்கே அண்ணன் கழட்டிட்டாருங்க" என்றார் கலாமணி. "பிசியோதெரபில பழகிட்டேன். பலகை வெச்சு சேர்ல இருந்து நானே டாய்லெட்டுக்கு நகந்து உக்காந்துக்குவேன். ஆனா உள்ள போனாப் போதும், ஆச்சா ஆச்சான்னு யாராச்சும் கதவைத் தள்ளிப் பாக்கறாங்க. இந்த ஊட்டுல எல்லாமே எனக்காகத்தான் பண்ணிருக்குதுங்க. மூட ஒரு கதவு மட்டும் இல்லீங்க."

பழனிசாமி திரும்பி வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தாழ்ப்பாளா? உள்ள உழுந்துட்டா என்னங்க பண்றது?" என்று குரலை உயர்த்தியவர், சட்டென்று தணிந்தார். "ஐசியூ கதவுக்கு வெளிய நின்னவன் நானுங்க. உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம நின்னேன். இன்னொரு கதவுக்கு வெளிய என்னால நிக்க முடியாதுங்க."

கலாமணி அண்ணனைச் சமாதானப்படுத்தவில்லை. ஆடிட் குரலில் கேட்டார்: "அண்ணா, உங்க யூனிட்ல லேடீஸ் டாய்லெட்டுக்குத் தாழ்ப்பா இல்லீன்னா பையர் என்ன சொல்லுவாரு?"

"ஆர்டர் போயிரும்."

"உங்க டெய்லருங்களுக்கு இருக்கறது உங்க தங்கச்சிக்கு இல்லீங்களே."

பழனிசாமி என்னைப் பார்த்தார். நான் கதவில் பட்டி அடைத்த இடத்தைப் பார்த்தேன்.

"போடுங்க" என்றார் கடைசியில்.

3. முழங்கால் தட்டு

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. உள்பக்கமாகத் திறக்கிற கதவின் ஓரத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் வெளியே இருப்பவர் திறக்க முடியாது. அதனால் அதைச் சுவரோரம் நகரும் ஸ்லைடிங் கதவாக மாற்றினேன். அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க ஒரு சாவி வைத்தேன். விரலால் பிடித்து இழுக்கிற தாழ்ப்பாள் கலாமணிக்கு ஆகாது. தையல் மெஷினுக்கு அடியில் முழங்காலால் தள்ளுகிற தட்டு ஒன்று இருக்கும். பழைய மெஷினிலிருந்து அதைக் கழற்றித் தாழ்ப்பாளுக்குக் கைப்பிடியாக வைத்தேன். மணிக்கட்டால் தள்ளினால் போதும்.

வேலை முடிந்ததும் கலாமணி சேரை உள்ளே விட்டார். கதவு நகர்ந்தது. டக் என்று தாழ்ப்பாள் விழுந்தது. சாவியோடு பழனிசாமி வெளியே நின்றார், பக்கத்தில் நான்.

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"அம்மிணி?"

பழனிசாமி கதவைத் தட்டினார்.

"கலா!"

அவர் சாவியை ஓட்டைக்குள் நுழைத்துவிட்டார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சாவியைத் திருப்பியிருந்தால், நான் போட்ட தாழ்ப்பாளுக்கு அர்த்தமே இருந்திருக்காது. திருப்பாமல் இருந்து உள்ளே ஏதாவது ஆகியிருந்தால் என்ன என்பதையும் யோசித்தேன். அந்த யோசனை நன்றாக இல்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நல்லாத்தானுங்கண்ணா இருக்கறேன். சும்மா உக்காந்திருக்கறேன்."

"சும்மாவா? எதுக்கு?"

"தாழ்ப்பாப் போட்டிருக்குதே, அதுக்குத்தான்."

பழனிசாமி சாவியை உருவி எடுத்தார். ஹாலுக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்தார். டிவி ஓடவில்லை. கலாமணி வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. முகம் கழுவியிருந்தார், கண்கள் சிவந்திருந்தன. நான் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

4. அதன் பிறகு

கிரானைட்டைப் பெயர்த்தோம். காம்பவுண்டுச் சுவரோரம் நீளமாக ரேம்ப் ஏறியது. கார் தெருவுக்குப் போனது. அங்கே அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கலாமணி சேரிலேயே மறுபடி கம்பெனிக்குப் போகிறார். ஆரம்பத்தில் பழனிசாமி தினமும் பைக்கில் பின்னாலேயே போனார். தங்கை சேரைத் திருப்பி நிறுத்தி, "உங்க யூனிட்ல வேலையே இல்லீங்களாண்ணா?" என்று நடுரோட்டில் கேட்ட பிறகு நிறுத்திக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அளக்கிற டேப்பை எடுப்பதற்கு முன் வீட்டாரை ஹாலில் உட்காரச் சொல்லுங்கள். சேரில் இருப்பவரிடம் தனியாகப் போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள். ரேம்ப் என்று சொல்கிறவர்கள் குறைவு. போன வாரம் பொங்கலூரில் ஒரு பெரியவர் காம்பவுண்டு கேட்டின் கொக்கியைக் கீழே இறக்கி வைக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"பேக்கரிக்குப் போயி ஒரு டீ குடிக்கோணுமுங்க. யார்கிட்டயும் கேக்காம."

இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.