வெள்ளிக்கிழமை விரதம் இருந்த குதிரை

1. லண்டனில், எங்கள் கிங்ஸ்பரி வீட்டுச் சமையலறை யன்னலால் ஒரு காலை ஈர வைக்கோல் மணம் வந்தது.
2. பின்வேலிக்கு அப்பாலிருந்த குதிரை லாயத்தில், வேல்ஸ் மலையில் மந்தையோடு திரிந்த, முதுகில் எவரும் ஏறியிராத ஒரு பெண்குதிரை வந்து இறங்கியிருந்தது.
3. அதைப் பழக்க லாயக்காரி மொரீனுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.
4. குதிரை பழகிக்கொண்டு வந்தது.
5. எங்கள் ஆட்கள் அதைக் கண்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்குப் பதின்மூன்று வயது. குதிரையைப் பழக்குவதென்றால் பாய்ந்து ஏறி அடக்குவது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது பெரும்பாலும் சும்மா நிற்பதுதான். முதல் நாட்களில் வளவின் நடுவில் நான் வெறுங்கையோடு நிற்பேன், அந்தக் குதிரைப்பெண் தூர மூலையில் நின்று என்னைப் பார்ப்பாள், மழை இரண்டு பேரிலும் பெய்யும். பிறகு கழுத்தில் கைவைக்க விட்டாள், பிறகு தலைக்கயிறு, பிறகு முதுகில் ஒரு பழைய துவாய்; துவாய் சரிந்து விழுந்து அவள் மிரண்டால் அடுத்த நாள் மறுபடி துவாயிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கால்கள் தேய்ந்துபோன மொரீன் கவிழ்த்த வாளியொன்றின் மேல் இருந்தபடி, "திரும்பவும்" என்பதற்கு மேல் அதிகம் பேசமாட்டார். கோடை தொடங்கியபோது சேணத்தைப் பொறுத்துக்கொண்டாள். ஒரு பின்னேரம் நான் ஏறி இருந்தேன். உடம்பு முழுக்க ஒருதரம் நடுங்கி, நீளமாக ஒரு மூச்சை விட்டு, நடக்கத் தொடங்கினாள். அந்த மூச்சு இறங்கியதை என் முழங்கால்களில் உணர்ந்தேன்.

வேலிக்கு மறுபக்கம் ஒரு நடைபாதை இருந்தது. பாடசாலை மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்து வெள்ளிக்கிழமைகளில் பூசை வைத்த எங்கள் சனம், அது முடிந்து பஸ்ஸுக்குப் போவது அந்தப் பாதையால்தான். முதலில் கண்டவர் சரசு அன்ரி. ஊரில் வெள்ளிக்கிழமையென்றால் பசுவுக்கு ஒரு வாழைப்பழமாவது கொடுக்காமல் சாப்பிட்டறியாதவர், லண்டனில் பசுவுக்கு எங்கே போவார்? நாலு காலும் வாலும் சாந்தமான கண்களும் உள்ள ஒன்று வேலியோரம் நின்றது, அவருக்கு அது போதுமாயிருந்தது. "இவளும் ஒரு லட்சுமிதான்" என்று பிரசாத வாழைப்பழத்தை உரித்து நீட்டினார். அடுத்த வெள்ளி மற்றவர்களும் நீட்டினார்கள், கற்கண்டு, லட்டு, ஒருவர் வடைகூட.

மனிதக் கை என்றால் தீனி, சட்டைப்பை என்றால் இன்னும் கூடத் தீனி என்று அவள் படித்துவிட்டாள். மூக்கால் தட்டுவதில் தொடங்கி, உதட்டால் இழுத்து, கடைசியில் பல்லுக்கு வந்தாள். சவாரி பழக வந்த ஒரு சின்னப் பிள்ளையின் ஜாக்கெட் பையைக் கடித்து இழுத்ததில் பை கிழிந்து, பிள்ளை சேற்றில் விழுந்தது. அந்தத் தாய் சத்தம் போட்டுவிட்டுப் போனபிறகு மொரீன் என்னைக் கூப்பிட்டார். கோபமில்லை, களைப்புத்தான். விடுமுறை முடிய அந்தத் தாயைப் பிள்ளையோடு திரும்ப வரச் சொல்லியிருப்பதாகவும், அன்றைக்கும் இவள் யாருடைய பையிலாவது வாய் வைத்தால் விற்பனைச் சந்தை லொறியில் ஏற்றவேண்டியதுதான் என்றும் சொன்னார். சந்தையில் யார் வாங்குவார்கள், சவாரிக்கா இறைச்சிக்கா என்று கேட்டேன். தான் அதையெல்லாம் கேட்பதில்லை என்றார்.

குதிரைக்கு உணவு கொடுக்க வேண்டாம் என்று பலகை எழுதித் தொங்கவிட்டேன். சரசு அன்ரி அதை நின்று வாசித்து, கண்டதையும் கொடுக்கிற வெள்ளைக்காரருக்கு நல்ல பாடம் என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தை நீட்டினார். பிரசாதம் உணவில் சேராது. நேரே சொல்லவும் ஏலாது, லண்டனுக்கு வந்து இறங்கிய எங்களைத் தன் முன்னறையில் மாதக்கணக்காக வைத்திருந்தவர் அவர். அவரிடம் "வேண்டாம்" சொல்லும் வாய் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

அம்மா அப்போது ஒரு சலவைக்கடையில் வேலை, வந்தால் "அலுப்பாக் கிடக்கு" என்று கதிரையில் சாய்ந்துவிடுவார். நான் அழாத குறையாகச் சொன்னதைக் கண்ணை மூடியபடி கேட்டார். அடுத்த வெள்ளி, ஷிப்ட் முடிந்து வந்த உடுப்போடேயே வேலியடியில் போய் நின்றார்.

"சரசக்கா, குடுக்காதேங்கோ. அது விரதம்."

"குதிரையோ?"

"ஓம். லாயக்காரி சொன்னவ."

சரசு அன்ரி குதிரையை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினை வெள்ளிக்கு?"

"பள்ளிக்கூடம் துறக்குமட்டும்."

"தண்ணி குடிக்கலாமோ?"

"தண்ணி குடிக்கலாம்" என்றார் அம்மா, கொட்டாவி விட்டபடி.

அதற்குப் பிறகு எனக்குப் பலகையே தேவைப்படவில்லை. வேலியடியில் சரசு அன்ரி காவல் நின்று, விரதக்காரிக்கு ஆசை காட்டவேண்டாமென்று மற்றவர்களை விரட்டினார். நான் உள்ளே திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். கையால் ஒன்றும் கொடுப்பதில்லை. அவள் மூக்கு என் பைக்கு வந்தால் ஓரடி பின்னால் போய் அசையாமல் நிற்பேன், அவளாக முகத்தை மறுபக்கம் திருப்பினால் மட்டும் வாளியில் ஒரு பிடி தீனி விழும். விடுமுறை முழுக்க இதுதான் வேலை. சில நாட்களில் இருவருமே நின்றபடி தூங்கியிருக்கலாம்.

அந்தத் தாயும் பிள்ளையும் வந்த அன்று சரசு அன்ரியும் வந்துவிட்டார், கைப்பையில் நெய் லட்டோடு. விரதம் முடிந்தால் பாறணை பண்ண வேண்டாமா என்று வேலியடியில் நின்ற அம்மாவைக் கேட்டார். அம்மா தடுக்குமுன் வாசலுக்குள் வந்து குதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நெய் மணம் எனக்கே அடித்தது. குதிரை கழுத்தை நீட்டியது, மூக்குத்துளைகள் விரிந்தன, வாய் பையின் பிடிவரைக்கும் போனது. கயிறு என் கையில் இருந்தது, ஆனால் இழுக்கக்கூடாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முகத்தை மெல்ல மறுபக்கம் திருப்பி, வெறும் வேலியைப் பார்த்தபடி நின்றாள்.

"நிற்கட்டும்" என்றார் மொரீன்.

"எவ்வளவு பக்குவம் பாத்தியே," என்று சரசு அன்ரி அம்மாவிடம் சொன்னார், "எங்கடை பிள்ளையளுக்கு வராது."

அவள் லாயத்தில் தங்கினாள். எத்தனையோ பிள்ளைகளைச் சுமந்தாள், ஒருவரையும் கடித்ததில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் கிழமை நான் விடைபெறப் போனேன். மொரீன் பார்க்காத நேரம், முதன்முதலாக, உள்ளங்கையில் ஒரு கரட்டை வைத்து நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அங்கேயே நின்றேன். அவள் திரும்பவில்லை.

இப்போது லாயம் இருந்த இடத்தில் புது வீடுகள் நிற்கின்றன. நடைபாதையில் வேலிக்குப் பதிலாகச் செங்கல் மதில். வெள்ளிப் பூசை வேறு இடத்துக்குப் போய்விட்டது, சரசு அன்ரி மகனோடு கனடாவில். நான் வேலை முடிந்து வந்து, அம்மாவைப் போலவே கதிரையில் சாய்ந்துவிடுகிறேன். குதிரை கென்ற் பக்கத்தில், கிழட்டுக் குதிரைகளை விட்டிருக்கிற ஒரு புல்வெளியில் இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். வாளியில் போட்டால் தின்கிறாள். கையில் நீட்டினால் தின்பதில்லை.