ஆனையைக் கூப்பிடும் வழிகள்

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் ஆனையின் பேரையே எடுக்கக் கூடாது. பேர் சொன்னால் வந்துவிடும் என்பது அம்மாவின் கட்டளை. கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே, வயல் வட்டையின் ஓரத்து வீடு எங்களுடையது. அப்பா கட்டார் நாட்டில் வேலை. இங்கே அம்மா, நான், பால்குடி மறக்காத தம்பி. அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த கிழமை, அந்த வாசத்துக்கு வந்த ஆனை பக்கத்து வளவுக்காரரின் அடுப்படிச் சுவரைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. இனி எங்கள் சுவர்தான் என்று எனக்கு ஒரே நடுக்கம்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் அண்ணன், என் மாமா, பட்டணத்தில் ஏதோ பயிற்சிச் செயலமர்வுக்குப் போய்விட்டு வந்திறங்கினார். கையில் பாயளவு வெள்ளைக் காகிதமும் நீல மாக்கரும். மாமியையும் அழைத்து வந்து, எல்லாரையும் எங்கள் விறாந்தையில் இருத்திவிட்டார்.

"புது யோசனை வரோணுமெண்டா ஆரும் பிழையெண்டு சொல்லப்படாது, சிரிக்கப்படாது. வாயில வாறதெல்லாம் சொல்லோணும். நான் எல்லாத்தையும் எழுதுவன்."

ஆனையை எப்படித் தடுப்பது என்று கேட்டார். வெடி, மின்வேலி, தீப்பந்தம் என்றோம் நானும் மாமியும். எல்லாம் ஊரே செய்து அலுத்தவை. மாமி கொட்டாவி விட்டா. மாமா மசிகிற ஆளா!

"அப்ப தலைகீழாக் கேட்பம். ஆனைய வீட்டுக்குள்ள கூப்பிடுறதெண்டா என்ன செய்யோணும்?"

ஐயோ! வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது, இந்த மனிசன் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட வழி கேட்கிறார். மாமிக்கு இப்போதுதான் உசார் வந்தது. நெல் மூட்டையைப் படுக்கிற அறையில் அடுக்கு. வாழைக்குலையை அடுப்படியில் தொங்கவிடு. பின்வேலி ஓட்டையை அப்படியே விடு. நாயைக் கட்டிப்போடு. மாமா குனிந்த தலை நிமிராமல் எழுதினார். அத்தனையும் எங்கள் வீட்டில் அப்போதே இருந்தன. மூட்டைகள் தம்பியின் பாயை ஒட்டியே இருந்தன. கெட்ட காலத்துக்கு நாங்களே வெற்றிலை வைத்து அழைத்திருக்கிறோம்!

அம்மா தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தா.

"நீயும் ஒண்டு சொல்லு தங்கச்சி" என்றார் மாமா.

அம்மா வயலைப் பார்த்தபடியே சொன்னா. "வெளிநாடு போனவர் போன் கோல் எடுக்கிறத நிப்பாட்டோணும். மறுகா இந்த வீட்டில ஆம்பிள இல்லையெண்டு ஆனைக்கும் விளங்கிரும்."

மாக்கர் நின்றது. மாமி மாமாவைப் பார்த்தா. நான் விடவில்லை. எல்லாம் எழுதுவேன் என்றீர்களே, எழுதுங்கள் மாமா என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் மாக்கரை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அன்றைக்கே மூட்டைகள் ஊருக்குள் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயின. வேலி அடைபட்டது. நாய் அவிழ்ந்தது. மாமா எங்கள் விறாந்தையில் படுக்கத் தொடங்கினார். ஆனை வரவில்லை. செயலமர்வு என்றால் பெரிய மந்திரம்தான் என்று நினைத்துக்கொண்டு நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அம்மா மட்டும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு முழித்தே கிடந்தா. ஆனைதான் இனி வராதே, பிறகும் எதற்கு இந்த மனிசி இப்படிப் பயந்து சாகிறா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.