பொங்கல் வாசம்

எங்கள் பழைய காரில் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே போனது. ஊற்றி ஊற்றி அலுத்துவிட்டேன். வேலை முடிந்து வந்து, கிரான்பர்ன் குளிரில் காருக்கடியில் படுத்துத் தேடுவேன். ஒரு சொட்டும் இராது. முதுகு விறைத்ததுதான் கண்ட பலன்.

ஹீட்டரைப் போட்டால் மட்டும் உள்ளே இனிப்பாக ஒரு வாசம் வரும்.

"பிள்ளையார் கோயிலால வரேக்க சக்கரைப் பொங்கலைக் கொட்டிப்போட்டியள்" என்று மனைவி என்னை ஏசினாள். நானும் நம்பி, அவளது சீட்டின் முன்னிருந்த கார்ப்பெட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அது காயவேயில்லை. மறுபடி துடைத்தபோது துணி கூலன்டின் பச்சை நிறத்தில் வந்தது. ஹீட்டருக்குள் ஓடும் கூலன்ட் இவ்வளவு நாளும் அங்கேதான் ஒழுகியிருக்கிறது.

இனிப்பாய் மணக்கும் அந்த நஞ்சைப் பிள்ளையார் பிரசாதமென்று கண்ணில் ஒற்றிக்கொள்ளாதது ஒன்றுதான் மிச்சம்.