தண்ணீர் ஒழுகாத சுவர்

ஜெயராணி பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். குவைத்தில் பிறர் வீட்டைக் கூட்டித் துடைத்த உழைப்பில், கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு வீட்டை வாங்கினாள். முன்பாதியில் தான் இருந்துகொண்டு பின்பாதியை வாடகைக்கு விட்டாள். அவளுடைய சீவியம் அதில்தான் ஓடியது.

வாடகை வாங்குவதோடு தன் வேலை முடிந்தது என்று அவள் இருந்ததில்லை. மழைக்காலம் தொடங்கினால், வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் கல்சுவரைத் தினமும் போய்ப் பார்ப்பாள். சுவரில் விட்டிருந்த துளைகளால் மலைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒழுகும்வரை அவளுக்கு நிம்மதி.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், வானம் கொட்டுகிறது, சுவரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்படியானால் அத்தனையும் உள்ளே தேங்குகிறது. சுவரின் நடுப்பகுதி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது.

கம்பளையில் இருக்கும் தம்பி யோகராஜுக்குப் போன் எடுத்தாள்.

“சும்மா பயந்து சாகாத அக்கா. சுவரு தள்ளுதுன்னு சொன்னா இருக்கிறவங்க போயிருவாங்க. அப்புறம் ஊரெல்லாம் கத பரவி எவனும் வரமாட்டான். மழை விடட்டும், சிமெந்து பூசிக்கலாம்.”

அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த வாடகை நின்றால் அவள் அடுப்பும் நின்றுவிடும். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்வீட்டுக்குள் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. குடியிருக்கும் உம்மு குல்சும் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெயராணி கதவைத் தட்டினாள். உம்மு குல்சுமின் கணவன் அரூஸ் உள்ளிருந்து இழுத்தான், கதவு வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்த பிறகுதான் திறந்தது. நேற்றுவரை லேசாகத் திறந்த கதவு அது; மண் தள்ளி நிலை கோணியிருந்தது.

“தம்பி, பின்சுவரு சரியில்ல. பிள்ளையத் தூக்கிக்கிட்டு கீழ ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே.”

அரூஸின் முகம் மாறியது. “வெளங்குது அக்கா. போன மாசம் ஒங்கட தம்பி வந்து, வாடகைய கூட்டித் தா, இல்லாட்டி வீட்ட விட்டு எழும்புன்னு சொன்னார். இப்ப மழைய சாட்டி எழுப்பப் பாக்கிறீங்க. எக்ரிமென்ட் முடிய இன்னம் காலம் ஈக்கி.”

யோகராஜ் அப்படிக் கேட்டது அவளுக்குத் தெரியாது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. ஆனால் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. முன்பக்கம் ஓடினாள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு தன் வீட்டைப் பூட்டினாள். திரும்பி வந்து சாவியை உம்மு குல்சுமின் கையில் திணித்தாள்.

“நானும் இங்க இருக்கப் போறதில்ல தங்கச்சி. நான் சொன்னது பொய்யின்னா, மழை விட்டதும் ரெண்டு வீட்டையும் நீங்களே தொறந்து குடியிருங்க.”

உம்மு குல்சும் சாவியைப் பார்த்தாள். பிறகு பின்சுவரோரக் கட்டிலில் தூங்கிய மகளை வாரித் தூக்கினாள்.

“நீங்க நின்டு பேசுங்க. நான் போறேன்” என்றாள் கணவனிடம்.

அப்போது பின்பக்கம் ஒரு கல் பிதுங்கி விழும் சத்தம் கேட்டது. அரூஸ் வெளியே பாய்ந்தான். நால்வரும் வழுக்கும் படிகளில் இறங்கி ஓடினார்கள். பாதி வழியில் மேலே இடி இடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தபோது பின்வீட்டின் கூரையைக் காணவில்லை. கட்டில், தையல் மெஷின் எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தன. அரூஸ் நனைந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “அக்கா” என்றான்.

பார்க்க வந்த அதிகாரிகள், பின்பாதியில் இனி யாரும் குடியிருக்கக்கூடாது, மேலே வடிகாண் வெட்டித் தண்ணீரைத் திருப்பினால்தான் முன்பாதியும் தேறும் என்று சொல்லிப்போனார்கள். யோகராஜோ, உடைந்த பக்கத்தை அடைத்துப் பெயின்ட் அடித்தால் வெளியூர் ஆட்கள் வாடகைக்கு எடுப்பார்கள் என்றான்.

“எடுப்பாங்க. நான் குடுக்க மாட்டேன்” என்றாள் ஜெயராணி. பல மாதம் அவன் அவளோடு பேசவில்லை.

வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போகிறவர்கள் இப்போது அவளைக் கேட்கிறார்கள். “டைல்ஸப் பாத்து மயங்காதீங்க. நல்ல மழ நாளாப் பாத்து வீட்டுப் பின்னாடி போங்க. தண்ணி எங்கேருந்து வருது, எங்க போவுதுன்னு பாருங்க” என்பாள்.

மேலே காண் வெட்டக் காசு சேரும்வரை அவள் ஒரு விடுதியில் சமைக்கிறாள். சந்தைப் பக்கம் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். வந்த வாரமே, பின்காண் அடைபட்டிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் போய் நின்றாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் ஆள் விட்டுத் துப்புரவாக்கினார்.