கடைசி அத்தியாயம் இல்லாத நாவல்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய தடித்த நாவல் இருக்கிறது. அதில் கடைசி அத்தியாயம் இல்லை. கறையான் தின்னவில்லை, என் மூத்த சகோதரி, ராத்தா, கிழித்து அடுப்பில் போட்டாள். அநியாயம் செய்த பண்ணையாரை, அவரால் கெட்டழிந்த குடும்பங்களெல்லாம் கூடி வந்து மன்னிப்பதாக எழுத்தாளர் கதையை முடித்திருந்தார். "அந்தாள மன்னிக்க இவரு ஆரு? அழிஞ்சது இவர்ட குடும்பமா?" என்று கேட்டுக்கொண்டே கிழித்தாள். அதே நாவலை இன்று உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கும் எனக்கு இதைவிட நல்ல விமர்சனம் இன்னும் கிடைக்கவில்லை.

அந்தப் பண்ணையார் யாரையும் கைநீட்டி அடிப்பதில்லை. முகத்தைச் சுழிப்பார், அவ்வளவுதான். அன்றைக்கு எவனோ ஒரு குடியானவன் தன் பெண்சாதியை அடிப்பான். யாரோ ஒருவருடைய மகன் ஊரைவிட்டு ஓடுவான். அதிகாரம் வீடு வீடாக எப்படி இறங்குகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்க எனக்குப் புத்தகம் தேவையில்லை. எங்கள் முதலாளியை நினைத்தால் போதும்.

யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு புத்தளத்துக்கு வந்த எங்களுக்குக் கொட்டில் போட இடம் தந்தவர் அவர். தென்னங்காணி அவருடையது, கிணறும் அவருடையது. இடம் தந்தது நன்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களிடம் இருந்த ஒரே கதிரை அவருக்கென்று ஆகிவிட்டது. அவர் உட்காருவார், வாப்பா நிற்பார். ஒருநாள் அதில் இருந்தபடியே, ராத்தாவைத் தன் வீட்டுக் குசினி வேலைக்கு அனுப்பச் சொன்னார். "புள்ள ஓதிட்டிருக்கு, முதலாளி. வேலைக்கு அனுப்ப ஏலாது" என்றார் வாப்பா. முதலாளி சிரித்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு மதுரங்குளியிலிருந்து ராத்தாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பேச்சு முற்றாகும் நேரம், வழக்கப்படி குடும்பத்தைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் முதலாளியிடம் போனார்கள். அவர் கெட்ட கதை ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் புள்ளயப் பத்தி என்னட்டக் கேக்காதீங்க" என்றாராம். போனவர்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ராத்தாவைக் கேட்டு ஒருவருமே வரவில்லை. பேச்சு முறிந்த அன்றுதான் வாப்பா முதல் தடவையாக உம்மாவை அடித்தார். முதலாளி மேல் ஓங்கியிருக்க வேண்டிய கை அது. அந்த முதலாளியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

யுத்தம் முடிந்து சிலர் மன்னாருக்குத் திரும்பினார்கள். நாங்கள் இங்கேயே காணி வாங்கிக் கல்வீடு கட்டினோம். ராத்தா பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தாள். முதலாளியின் பேத்தியும் அவளிடம்தான் ஓதினாள். அதனால், அந்தப் பேத்திக்குச் சம்பந்தம் பேசிய குறிஞ்சிப்பிட்டி ஆட்கள் போன வருடம் விசாரிக்க வந்தது எங்கள் வீட்டுக்கு.

"நீங்க ஓதிக்குடுத்த புள்ளதானே, எப்படி?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். அந்தாள் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லுங்க ராத்தா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். பிள்ளை நல்லவள் என்று தெரிந்துகொண்டுதான் கெஞ்சினேன். ராத்தா தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "தங்கமான புள்ள. கண்ண மூடிட்டுச் செய்ங்க."

அவர்கள் போனதும் சண்டைக்கு நின்றேன். "நீங்க என்ன பெரிய அவுலியாவா, அந்தாள மன்னிச்சு விட?"

"புள்ளட வாழ்க்கையில நான் ஏன் மண்ணப் போடணும்? ஆனா என்ட வாயால வந்த சொல்லுலதான் இந்தக் கலியாணம் நடக்குதுண்டு அந்தாள் மௌத்தாகும் வரைக்கும் நெனச்சிட்டே இருக்கட்டும்."

அது அவர் காதுக்குப் போய்ச் சேரும்படியும் பார்த்துக்கொண்டாள்.

நிக்காஹ் முடிந்த மறுநாள் முதலாளி ஒரு கையில் தடியும் மறு கையில் தொதல் பெட்டியுமாக வந்தார். "மகள், ஒங்களுக்கு நான் என்ன சொல்ற..." என்று இழுத்தார். "வாங்க முதலாளி" என்றாள் ராத்தா. முன்னறையில் நாலு கதிரை கிடந்தது. இரிங்க என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காமல் உட்கார அவருக்கு அன்று துணிவு வரவில்லை. நின்றபடியே பெட்டியைத் தந்துவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார். எனக்கு அது தொதலைவிட இனித்தது.

ராத்தா அவரை மன்னித்துவிட்டாள் என்று ஊர் மெச்சிக்கொள்கிறது. சும்மா சீண்டிப் பார்க்க, வகுப்புக்கு வாங்கிய புதுப் பிரதியை அவளிடம் நீட்டினேன். "முடிவு இதுல இருக்கு, ராத்தா. வாசிக்கிறீங்களா?"

அவள் பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி அலுமாரியில் திரும்ப வைத்தாள். "அத ஒன்ட வகுப்புப் புள்ளைகளுக்குப் படிச்சுக்குடு. எனக்கு இவ்வளவு காணும்."